ஆடு தொடாத வேலி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஆடுகளும் காடைகளும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. இந்தப் பக்கம் ஆடுகள் துள்ளி விளையாடும் மேடு. அந்தப் பக்கம் காடைகள் முட்டையிடும் புல்தரை. நடுவே மறைப்பு என்று ஒன்றுமே இல்லை.

குறுமணி என்ற காடை போன மழைக்காலத்தில் ஏழு முட்டை இட்டது. ஆடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. ஏழும் நொறுங்கிப் போயின. மிதித்த ஆடுகளுக்கு மிதித்ததே தெரியாது! பாவம், குறுமணி மூன்று நாள் இரை எடுக்கவில்லை. அடுத்த மழைக்கும் இப்படியே ஆனால் என்ன செய்வது? அந்தப் புல்தரையை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் ஏது?

காட்டில் யார் எங்கே குடியிருப்பது என்று தீர்த்து வைப்பவர் கரடியார். குறுமணி அவரிடம் போய் முறையிட்டது.

"இரண்டு குடிக்கும் நடுவிலே பத்தடி அகலத்துக்குப் பச்சை வேலி இருக்கணும்! மிதிக்கிறது ஆடுங்கதானே? அப்போ ஆடுங்களே நடட்டும்!" என்றார் கரடியார்.

ஆட்டுத் தலைவன் கொம்பையன் மறுபேச்சுப் பேசவில்லை. அகத்தி, முருங்கை, பூவரசு என்று நல்ல நல்ல செடியாகப் பார்த்து நட்டது. கண்ணுக்கே குளிர்ச்சியாக இருந்தது. நாலாம் நாள் பார்த்தால் வெறும் குச்சிகள்தான் நின்றன!

"அண்ணே, வேலி எங்கே?" என்றது குறுமணி.

"நேத்து வரைக்கும் இருந்துச்சே, தங்கச்சி!" என்ற கொம்பையன், வாயோரம் தொங்கிய அகத்தி இலையை நைசாக உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆடுகள் மறுபடி நட்டன. மறுபடியும் மொட்டை!

"நான் என்ன பண்ணட்டும்? நடும்போதே நாக்குல தண்ணி ஊறுதே!" என்று கொம்பையன் தலையைத் தொங்கப்போட்டது. கெட்ட எண்ணம் எல்லாம் அதற்குக் கிடையாது. வாய்தான் கட்டுப்படவில்லை.

வேறு பறவையாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். குறுமணியோ எதையும் துருவித் துருவிப் பார்க்கிற ரகம். மொட்டைக் குச்சிகளின் ஓரமாகவே நடந்து போனது. தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு புதர் மட்டும் ஓர் இலைகூடக் குறையாமல் நின்றது. யாரும் நட்டதல்ல, தானாக முளைத்தது.

"இது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

புதரை மூன்று சுற்றுச் சுற்றியது. ஓர் இலையைக் கொத்தியது.

"த்தூ! என்ன கசப்பு!"

உடனே ஓடியது கொம்பையனிடம். "அண்ணே, குளத்தோரமா நிக்குதே, அது என்ன செடி?"

"அதுவா? பேரைச் சொன்னாலே வாய் கசக்கும். ஆடாதொடை!"

"ஆடாதொடை..." குறுமணி அந்தப் பேரை வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்தது. "ஆடு... தொடாது! அட, பேரிலேயே இருக்கே! இத்தனை நாளா இது என் காதுல விழாமப் போச்சே!"

விஷயத்தைக் கேட்ட கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆடாதொடையையே வேலியாக நடச் சொன்னார். கொம்பையனுக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

"திங்க முடியாத செடியை எதுக்குய்யா நடணும்?"

"அதுக்குத்தான்யா நடணும்!" என்றார் கரடியார்.

அவரே கிளைகளை ஒடித்துக் கொடுத்தார். வாயில் கவ்வ ஆடுகள் ஒப்பவில்லை. கொம்பில் மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி, வரிசை வரிசையாக நட்டு முடித்தன. மழை பிடித்தது. குச்சியெல்லாம் வேர்விட்டுத் தழைத்தது. பத்தடி அகலத்துக்கு அடர்த்தியான பச்சை!

அதன் பிறகே குறுமணி முட்டையிட்டது, இந்த முறையும் ஏழு. ஒருநாள் ஆட்டுக் கூட்டம் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. குறுமணிக்கு உயிரே போய்விட்டது. சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது. குளம்புச் சத்தம் நெருங்கியது. வேலிக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றது.

"ஐயே! அந்தக் கசப்பு! திரும்புங்கடா!"

சத்தம் தேய்ந்து மறைந்தது.

சில நாள் கழித்துக் கொம்பையன் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டது. "தங்கச்சி! முட்டை இட்டாச்சா? ஒண்ணுமே தெரியலையே!"

"ஏழும் குஞ்சாயிடுச்சு, அண்ணே! உங்களுக்குத் தெரியாமப் போனதாலதான்!" என்றது குறுமணி.

அண்டை வீட்டாரோடு சண்டையில்லாமல் வாழ வேண்டுமானால், எல்லையில் அவருக்குப் பிடித்ததை நடக்கூடாது, அவர் தொடாததைத்தான் நட வேண்டும்.