போனைக் காட்டினால் திறக்கும் கதவு

கோயில் வாசல் கதவைத் திறந்து மூடுவது பொன்னையாவின் வேலை. மனைவி இறந்த பிறகு, உள்ளே போகிறவர்கள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதைத் தவிர அவரிடம் பேச ஆள் கிடையாது.

அறங்காவலர் சிவசைலம் புதுக் கதவு போட்டார். போனைக் காட்டினால் அது தானே திறக்கும்.

"இனி நீர் எதுக்குவே? இந்தக் கதவால முடியாத ஒண்ணைச் செஞ்சு காட்டும், வேலையில வச்சுக்கிடுதேன்."

"திறப்பு விழாவுல காட்டுதேன், ஐயா."

மறுநாள் காலை ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆளாக வந்த அறங்காவலரைப் பொன்னையா மறித்தார்.

"ஐயா, போனை வாங்கி வைக்கிற அந்த ஜன்னல்ல கொடுத்திட்டு வாங்க. உள்ள போன் கூடாதுன்னு நீங்கதான் போர்டு வச்சிருக்கீங்க."

சிவசைலம் போனைக் கொடுத்து, டோக்கன் வாங்கி, கதவின் முன் நின்றார். கதவு அசையவில்லை. டோக்கனைக் காட்டிப் பார்த்தார். வரிசையே சிரித்தது.

"வெறுங்கையோட வர்றவங்களுக்கு இது திறக்காது, ஐயா. நான் திறப்பேன்."

"திறந்து தொலையும். நாளைக்கும் வாரும்."

பொன்னையா சாவி போட்டுத் திறந்தார். எல்லோரும் அவசரமாக உள்ளே போனார்கள். கடைசியாக வந்த பூக்காரம்மா மட்டும் நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான்மா."

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவரிடம் வேறு யாரும் பேசவில்லை.