கடைசிப் பொன்னாடை

திருவாரூரில் உலக நாடுகளின் மாநாடு நடந்தது என்றால் நம்பத்தான் வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியவன் பிச்சாண்டி.

கடல் ஏறி வந்து பாதி ஊரை விழுங்கிவிட்ட குட்டித் தீவின் அமைச்சர் எழுந்தார். "பூமியைச் சூடாக்கிய புகையை முதலில் கிளப்பியவர்கள் நஷ்டத்தைச் சுமக்க முன்னால் வாருங்கள்" என்றார்.

பெரிய நாட்டுத் தூதர் சாய்ந்தபடி சிரித்தார். "புகையில் யார் பெயர் எழுதியிருக்கிறது? ஆரம்பித்தவரைக் காட்டுங்கள். முடியாதென்றால் எல்லோரும் சமமாகச் சுமப்போம்."

தீவுக்காரர் உட்கார்ந்தார்.

பிச்சாண்டி மேடையேறினான். "ஐயா, பட்டுப் பொன்னாடை ஒண்ணு மிச்சம் இருக்குங்க. உலகத்திலேயே முதல்ல கரி எரிச்சு ஆலை ஓட்டின நாட்டுக்குத்தான் போடணுமாம்."

தூதர் எழுந்தார். பக்கத்து நாட்டுக்காரரும் எழுந்தார்.

"உங்கள் தாத்தா குதிரைவண்டி ஓட்டிய காலத்திலேயே எங்கள் ஆலைகள் புகை கக்கின" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, தூதர் தோளைக் காட்டினார்.

பிச்சாண்டி பக்குவமாகப் போர்த்திவிட்டு ஒரு கும்பிடு போட்டான்.

"எங்க ஊர்த் தேருக்கு ஒரு வழக்கம் உண்டுங்க. முதல் மரியாதை வாங்கினவர்தான் வடத்தை முதல்ல பிடிச்சு இழுக்கணும். அப்புறம் நாங்களும் பின்னால வந்து பிடிச்சுக்குவோம். வாங்கய்யா."