ஆறு போட்ட மேடு

மலையிடுக்கில் ஆறு கரையை அறுத்துக்கொண்டிருந்தது. கரையோர மணல்மேட்டில்தான் மாரக்கா தன் ஆறு மாதப் பெண்ணைப் புதைத்திருந்தாள். அதன் பிறகுதான் குருவிடம் வந்து சேர்ந்தாள்.

குரு அவளைவிட வயதில் சின்னவர். கேள்வி கேட்டால் வாயில் கொழுக்கட்டை இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

"சாமி, மேடு பாதி போயிடுச்சு. ஆறு ஏன் இப்படிப் பண்ணுது?"

அவர் எழுந்து அவளை மலைச்சரிவில் வெகுதூரம் மேலே கூட்டிப்போனார். அங்கே மண்ணுக்குள் வழவழவென்று உருண்டைக் கற்கள் பதிந்திருந்தன.

"இது எங்க கிடக்கிற கல்லும்மா?"

"ஆத்துக் கல்லு. இவ்வளவு ஒசரத்துக்கு எப்படி வந்துச்சு?"

"ஒரு காலத்துல ஆறு இங்கதான் ஓடுச்சு. மணலும் கல்லுமா கொண்டாந்து ரொப்பி, தானும் மேல ஏறிச்சு. அப்புறம் அதையே அறுத்துக்கிட்டு கீழ இறங்கிடுச்சு."

"அப்போ எம்புள்ள கிடக்கிற மேடு?"

"அதுவும் ஆறு போட்டதுதான்."

மாரக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"மண்ணு அதோடதுன்னா எடுத்துக்கட்டும். புள்ள நான் பெத்ததில்ல?"

குரு தலை குனிந்தார்.

தோண்டி வேறிடத்தில் வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய், கற்களைப் பொறுக்கி மேட்டின் அடியில் அடுக்க ஆரம்பித்தாள்.

குருவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் தூக்கினார். பொழுது சாயும்வரை இருவரும் அடுக்கினார்கள். அவர் கைவிரல்கள் நசுங்கி ரத்தம் கட்டியிருந்தன.

மறுநாள் மேற்கே மழை. செந்நிறத் தண்ணீர் சுருட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் அடுக்கு சரிந்தது. பின்னாலேயே மேடும் போனது.

மாரக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். குரு பக்கத்திலேயே இருந்தார். அழுது ஓய்ந்தபோது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"கல்லு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சாமி?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு நாள் முழுக்க என்கூடக் கல்லு தூக்குனீங்க?"

குரு ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீங்க நிறுத்த மாட்டீங்கன்னும் தெரியும். தனியா எப்படிம்மா விடுறது?"