மாவு மில்லை நிறுத்திய நிலாக் கப்பல்

பூதத்தான் மாவு மில்லில் மோட்டார் நின்றால், ஒன்று கரண்டு போயிருக்க வேண்டும், இல்லை குத்தாலிங்கம் வந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கரண்டு இருந்தது.

ஆவுடையம்மாள் மடியில் வைத்திருந்த பாத்திரத்தின் ஈரத்துணியை விலக்கி அரிசியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. நல்லவேளை. ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, பதம் பார்த்து அள்ளிக்கொண்டு வந்த அரிசி. இந்த ஈரம் போவதற்குள் அரைத்தால்தான் அதிரசம் அதிரசமாக இருக்கும். காய்ந்துபோனால் எண்ணெயில் போட்டதுமே விண்டு உதிர்ந்துவிடும்.

அந்தப் பயம் அவளுக்குச் சும்மா வரவில்லை. மகளின் தலை தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன பலகாரத்தில் அதிரசம் அப்படித்தான் உதிர்ந்துபோயிற்று. சம்பந்தியம்மா வள்ளிமயில், கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "ஏன் மைனி, உங்க ஊர்ல அதிரசத்தைக் கரண்டி போட்டுத்தான் திங்கிறதா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நாளை மறுநாள் அந்த மகளுக்கு வளைகாப்பு. அதே கூடம், அதே வள்ளிமயில், இந்த அரிசி.

இந்த நேரம் பார்த்துக் குத்தாலிங்கம் வந்து நிற்கிறான்.

குத்தாலிங்கத்துக்குச் செல்போன் கவர் விற்கிற கடை ஒன்று உண்டு. ஆனால் ஊருக்கு அவன் நிலாச் சேனல்காரன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிலாவைச் சுற்றிவரக் கப்பல் கிளம்பிய நாளிலிருந்து அவன் வேறு பேச்சே பேசுவதில்லை. கடைக்குள் ஒரு தாம்பாளத்தில் நிலாவையே செய்து வைத்திருந்தான். அதற்கு மண் இந்த மில்லில் கூட்டிப் பெருக்குகிற தூசி. கோதுமை, சோளம், கேழ்வரகு, தவிடு எல்லாம் சிந்திச் சாம்பல் நிறத்தில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போய்ப் பரப்பி, பாட்டில் மூடியால் அழுத்திப் பள்ளம் போட்டு வீடியோ எடுத்தான். "மண் உதவி: பூதத்தான் மாவு மில்" என்று கீழே எழுதியும் போட்டான். அன்றையிலிருந்து பூதத்தானுக்குக் குத்தாலிங்கம் சொன்னால் அப்பீல் கிடையாது.

"அண்ணாச்சி, நிலா மண்ணு கிடைக்கிற இடத்துலயிருந்தே ஒரு வீடியோ. மோட்டாரை மட்டும் கொஞ்சம் நிப்பாட்டிக்கிடுங்க" என்று சொல்லிப் போனைத் தராசில் சாய்த்து வைத்தான். பூதத்தான் தலையில் படிந்திருந்த மாவைத் தட்டி, முடியைக் கையாலேயே வாரிக்கொண்டு மோட்டாரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இது ஈர அரிசி" என்றாள் ஆவுடையம்மாள்.

"இந்தா முடிஞ்சிரும்க்கா" என்றான் குத்தாலிங்கம். போனைப் பார்த்துக் கும்பிட்டான். "நண்பர்களே, கப்பல் கிளம்புன அன்னைக்கு நான் கண்ணே சிமிட்டல. சிமிட்டுற நேரத்துல என்னமும் நடந்துட்டா? ரெண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுக்கிட்டே லைவ் போட்டேன். குளிச்சது லைவ், பல் தேய்ச்சது லைவ்."

"அதை வேற ஆளுக பாத்தாவளா?" என்றாள் சண்முகத்தாய். வறுத்த மிளகாய் வற்றலை டின் நிறையக் கொண்டுவந்து, ஆவுடையம்மாளுக்கு அடுத்த முறையாக உட்கார்ந்திருந்தவள். யாரிடமும் முகத்துக்கு நேரே பேசிவிடுவாள்.

"உலகமே பாத்துச்சு மைனி! கப்பலை விடுறதுக்கு அங்க எண்ணிக்கிட்டே வாறாவ. பத்து, ஒம்பது, எட்டுன்னு. திடீர்னு எண்ணுறது நின்னு போச்சு. ஏன்னு நினைக்கிய? நம்ம ஊரு நெட்டு. என் போன்ல வட்டம் சுத்த ஆரம்பிச்சிட்டு. அங்க உள்ள பெரிய ஆபீசர் கையைத் தூக்கிட்டாரு. 'ஏ, நிப்பாட்டுங்கப்பா. குத்தாலிங்கத்துக்குச் சுத்துதாம். அவரு வந்துட்டா விட்டுருவோம்.' நான் தெருமுக்குல போயி நின்னு, டவர் கிடைச்சு, 'ம்'னு தலையாட்டுனேன். அப்புறந்தான் கப்பல் கிளம்புச்சு."

பூதத்தான் பெருமூச்சு விட்டார். "எம்புட்டு மரியாதை, பாத்தியளா?"

ஆவுடையம்மாள் அரிசியைத் தொட்டாள். ஒட்டியது. ஆனால் உதறினால் விழுந்துவிட்டது.

"தம்பி, மிச்சத்தை வெளியில போயி..."

"இருங்கக்கா, முக்கியமான இடம். கப்பல் மேல போனதும் அந்த நாலு பேருக்கும் சாப்பாட்டுக் கஷ்டம். அங்க எதையும் கீழ வைக்க முடியாது, மிதக்கும். ரொட்டி மிதக்கு, பழம் மிதக்கு, ஆளே மிதக்காரு. எனக்குப் போன் பண்ணுதாவ. 'அண்ணாச்சி, வாய்க்கு எட்ட மாட்டேங்கு.' நான் சொன்னேன், அல்வா கிண்டுங்க. அல்வா மிதக்காது. கையை விட்டாத்தானே மிதக்கிறதுக்கு?"

"அடுப்பு?" என்றாள் சண்முகத்தாய்.

"சூரியன் பக்கத்துலதானே இருக்கு. ஜன்னல் வழியாச் சட்டியை நீட்டுனா ஆச்சு."

"ராத்திரியில?"

"ராத்திரியில எவன் மைனி அல்வா கிண்டுவான்?"

பூதத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். குத்தாலிங்கத்துக்கு அது போதும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"அடுத்து, நிலா கிட்டத்துல வந்துட்டு. வளைவு. ஓட்டுறவருக்குப் பழக்கமில்லாத ரோடு. திணறுதாரு. நம்ம பஸ் ஸ்டாண்டுல மினி பஸ்சைத் திருப்பையில பின்னால நின்னு தட்டுவாம்லா, அதே மாதிரி நான் தட்டுனேன். 'வா, வா, வா, இடது ஒடி, ஒடி, நேராக்கு, போலாம் ரைட்!' இங்க என் வீட்டுச் சுவத்துல தட்டுனது அங்க கப்பலுக்குக் கேட்டுச்சு. நிலாவுல ஒரு கீறல் விழணுமே? கழுவித் துடைச்ச மாதிரி இருக்கு."

"அந்தத் தட்டுல உன் வீட்டுச் சுவரு விழுந்துட்டுன்னு உம் பொண்டாட்டி சொன்னா" என்றாள் சண்முகத்தாய்.

"அது பழைய சுவரு மைனி, விழத்தான் செய்யும். இப்பத்தான் பெரிய விஷயம் வருது. கப்பல் நிலாவுக்குப் பின்பக்கம் போயிட்டு. அங்க போனா யாருக்கும் சிக்னல் கிடையாது. நிலா மறைச்சிக்கிடும். உலகத்துல எல்லாச் சேனலும் கறுப்பா நிக்கி. என்னுது மட்டும் ஓடுது! எப்படி? செல்ஃபி ஸ்டிக்கு. என் கடையில இருந்த அம்புட்டையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டுனேன். பத்தல. பஜார்ல உள்ள கடை எல்லாத்துலயும் வாங்கி மாட்டுனேன். தண்ணி டேங்கு மேல ஏறி நின்னு நீட்டுனேன் பாருங்க, மேகத்தைத் தாண்டி, கழுகைத் தாண்டி, நிலாவுக்கு மேலாலே போயி, சும்மா கொக்கி மாதிரி அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு போனு!"

"அங்க என்ன இருந்துச்சு?" பூதத்தான் போன் பக்கமாகச் சாய்ந்து கேட்டார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ. ஆனா ஒண்ணு. கம்பைத் திரும்ப மடக்குனா போனு பூரா சாம்பல் கலர்ல தூசி. மோந்து பாத்தேன் அண்ணாச்சி. அப்படியே நம்ம மில் வாசம்!"

பூதத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் தொங்கிய தன் அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கலக்கத்தில், இனி மில்லை ஓட்டலாம் என்கிற எண்ணம் வந்து, கை போன போக்கில் பக்கத்திலிருந்த டின்னை எடுத்தார். அது சண்முகத்தாயின் மிளகாய் டின்.

ஆவுடையம்மாளுக்கு உயிர் போய் வந்தது. மிளகாய் ஒரு தடவை விழுந்தால் போதும், அப்புறம் எவ்வளவு தவிட்டை ஓட்டிச் சுத்தம் பண்ணினாலும் அடுத்து அரைக்கிற மாவு உறைக்கும். மிளகாய் அதிரசத்தோடு வள்ளிமயில் முன்னால் போய் நிற்பதா? அரிசியைத் தொட்டாள். விரலில் ரெண்டு மணிதான் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, என் முறை" என்றாள். அவர் காதில் அது விழவில்லை. குத்தாலிங்கம் அடுத்ததாக நிலாவில் தனக்கு இடம் ஒதுக்கியிருப்பதைச் சொல்லத் தொடங்கியிருந்தான். மிளகாய் டின் மெஷினின் வாய்க்கு மேலே போய்விட்டது.

ஆவுடையம்மாள் பொய் சொல்லிப் பழகாதவள். "நான் வீட்டுல இல்லைன்னு சொல்லு" என்று புருஷன் சொன்னால், வந்தவரிடம், "அவிய வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொன்னாவ" என்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு எழுந்து நின்று, எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாத குரலில் சொன்னாள்.

"அண்ணாச்சி! டின்னைக் கீழ வைங்க. அந்த நாலு பேரும் எங்க வீட்டு மொட்டை மாடியிலதான் இருக்காவ!"

பூதத்தான் டின்னைக் கீழே வைத்தார்.

"எந்த நாலு பேரு?" என்றார் பூதத்தான்.

"நிலாவுக்குப் போனவங்கதான். காலையில இறங்குனாவ. நான் வடகம் காயப்போட்டிருந்தேன். நல்லவேளை, ஓரமா இறங்குனாவ. செருப்புக் காலோட உள்ள வரப் பாத்தாவ. நான்தான், நிலாத் தூசியெல்லாம் வீட்டுக்குள்ள ஆகாதுன்னு வாசல்லயே கழட்ட வச்சேன்."

சொல்லச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"கப்பல்ல ஒரு விரிசல். அதை அடைக்க அவங்க கொண்டுவந்த பசை எதுவும் பிடிக்கல. எங்க வீட்டுல ஏலக்காய் வாசம் வரவும் இறங்கி வந்து, 'அம்மா, அதிரச மாவு இருந்தா ஒரு கை கொடுங்க'ன்னு நிக்காவ. ஈர மாவுதான் பிடிக்குமாம். காய்ஞ்ச மாவுன்னா நடுவழியில உதிர்ந்துருமாம். நாலு உயிரு அண்ணாச்சி!"

"அப்ப என் மிளகாயை அரைச்சிட்டு..." என்று ஆரம்பித்தாள் சண்முகத்தாய். அவளுக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"மிளகாய் நெடி ஆகவே ஆகாது சண்முகத்தாய். அங்க ஒருத்தர் தும்முனா கப்பலே பின்னால போகும். நாலு பேரும் சேர்ந்து தும்முனா திரும்ப நிலாவுலதான் போயி நிக்கணும். குத்தாலிங்கத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே, கேளுங்க."

எல்லாரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். குத்தாலிங்கம் போனைப் பார்த்தான். போன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் என்று சொன்னால், ஊர்க்கோடியில் கப்பல் இறங்கினது அவனுக்குத் தெரியாமல் போனது எப்படி? உண்மை என்று சொன்னால் மோட்டாரை ஓட்டியாக வேண்டும்.

போனைப் பார்த்தே சொன்னான். "ஆமா... காலையில எனக்கும் போன் வந்துச்சு. விரிசல்னு சொன்னாவ. ரகசியம்னு வெளியில சொல்லல."

"அப்படியா? உனக்குப் போன் போடவே மாட்டோம்னுல்லா சொன்னாவ" என்றாள் ஆவுடையம்மாள். "உன்னைப் பத்தியும் கேட்டேன். 'ஏன்மா அவரு பேரை எடுக்கிய? அவரு போன் பண்ணிக்கிட்டே இருந்தாரு. தாங்க முடியாமத்தான் கொஞ்ச நேரம் நிலாவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சோம். அங்கயும் கம்பைக் கொண்டாந்து நீட்டிட்டாரே'ன்னு அழுதாவ."

சண்முகத்தாய் சிரித்த சிரிப்பில் மிளகாய் டின் உருண்டது. பூதத்தான் மட்டும் சிரிக்கவில்லை. நாலு உயிர் என்றதுமே அவர் கை சுவிட்சுக்குப் போயிருந்தது. மோட்டார் உறுமியது. ஆவுடையம்மாள் அரிசியைக் கொட்டினாள். மாவு வெள்ளையாக, மெத்தென்று, உள்ளங்கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கிற பதத்தில் வந்து விழுந்தது. கடைசியில் ஒரு பிடியை அவர் தனியே காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இது விரிசலுக்கு. மில் பேரைச் சொல்லிக் கொடுத்துருங்கம்மா."

அவள் வீட்டுக்கு வந்து, பாகு காய்ச்சி, மாவைக் கிளறி வைத்த பிறகுதான் மில்லில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. குத்தாலிங்கம் எதையும் வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுப்பில் எண்ணெய் வைத்தபோது மாடிப்படியில் ஆள் மேல் ஆள் ஏறிக்கொண்டே இருந்தது. மேலத் தெருவில் பாதி வந்துவிட்டது. "வடகத்தை மிதிச்சிராதிய!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புருஷன் வந்து, "யாரு யாரோ மாடிக்குப் போறாவளே, என்னவாம்?" என்றார். "கப்பல் கிளம்பிப் போயிட்டுதான்னு பாக்காவ" என்றாள். அவரும் மாடியேறிப் போனார்.

அப்போதுதான் போன் அடித்தது. வள்ளிமயில்.

"மைனி, ஒரு வீடியோ பாத்தேன். உங்க மாடியில என்னமோ நிலாக் கப்பல் இறங்குச்சாமே? நிசமா?" குரலில் சிரிப்பு இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதே கூடம்.

நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த ஆவுடையம்மாள் வாணலியைப் பார்த்தாள். அதிரசம் மெல்ல மேலே எழும்பி வந்தது. திருப்பினாள். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு பிளவு இல்லை, விளிம்பு வட்டமாக, பொன்னிறமாக நின்றது.

"நிசந்தான் மைனி" என்றாள். "விரிசலை அடைச்சிட்டு, மீதி மாவுல சுட்ட அதிரசத்தையும் வழிக்கு வாங்கிட்டுப் போனாவ. கப்பல் போன வேகத்துல ஜன்னல் உடைஞ்சிட்டாம், கதவு கழண்டுட்டாம், அதிரசம் மட்டும் அப்படியே இருக்காம். நிலாவைச் சுத்திக் காட்டிட்டு இப்பத்தான் திருப்பிக் கொண்டாந்து கொடுத்துட்டுப் போறாவ. அதைத்தான் நாளைக்கு வளைகாப்புக்குக் கொண்டாரேன். நீங்க கரண்டி எடுத்து வைக்க வேண்டாம்."