விழுந்த வண்டியை யார் தூக்குவது?

ரோடே இல்லாத கொல்லிமலை ஊர்களுக்கு ஊசி போடப் போகும் நர்ஸ் செங்கமலம், ஐம்பத்தாறு வயதில் பைக் பழகி, முதல் வண்டி வாங்க ஷோரூமுக்கு வந்தார். அவர் சின்ன வண்டியைத் தொட்டதும் முதலாளி தனபாலன் சிரித்தார்.

"அது பொடிப்பசங்க ஓட்டுறதும்மா. மலைக்குன்னா இந்த இருநூறு கிலோ வண்டிதான்."

"சரி தம்பி. மலையில நான் எப்படியும் விழுவேன். இதைப் படுக்க வச்சு, தனியாத் தூக்கிக் காட்டுங்க. இதையே எடுத்துக்கிறேன்."

தனபாலன் மீசையைத் தடவிக்கொண்டு வண்டியைச் சாய்த்தார். தூக்கினார், முக்கினார், வேர்த்து ஊற்றியது. வண்டி அசையவில்லை.

"டேய், யாராவது வாங்கடா!"

அதற்குள் செங்கமலம் சின்ன வண்டியைச் சாய்த்து, நோயாளியைத் தூக்குகிற பழக்கத்தில் காலை ஊன்றி நிமிர்த்திவிட்டார்.

"இதுக்கு பில் போடுங்க தம்பி. இங்க கூப்பிட்டா ஆள் வருது. அங்க குரங்குதான் வரும்."