தங்கமான பாஸ்

எங்க ஃபுட்பால் டீம்ல ஜெனிட்டா மாதிரி பாஸ் குடுக்க ஆளே கிடையாது. பொறாமையோடதான் சொல்றேன். பந்து அவ காலை விட்டா நேரா போய் அடுத்தவ கால்ல நிக்கும்.

அன்னைக்கு வியாசர்பாடி கிரவுண்டுல எஸ்தர் கோச் நாலு கோன் வச்சு சின்னதா ஒரு கட்டம் போட்டாங்க. உள்ள ஜெனிட்டாவும் பௌசியாவும் பந்தை மாத்தி மாத்தி ஆடணும். நடுவுல நான், குமுதா. பறிக்கிறது என் வேலை.

ஜெனிட்டா குடுப்பா. பௌசியா வாங்குவா. நான் பாய்ஞ்சு போய் பறிச்சிடுவேன். திரும்பத் திரும்ப இதேதான் நடந்துச்சு.

ஜெனிட்டாவுக்குப் பொறுக்கல.

"கோச், ஞாயித்துக்கிழமை மேட்ச்ல இவளை இறக்காதீங்க. தங்கமா பாஸ் குடுக்குறேன், அத்தனையும் தொலைக்கிறா."

பௌசியா முகம் சுருங்கிப்போச்சு. அதுதான் அவளுக்கு முதல் மேட்ச். பாக்க வரணும்னு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருந்தா. எனக்குப் பாவமா இருந்துச்சு. பறிச்சது நான்தானே!

கோச் அவளை வெளிய உக்காரச் சொன்னாங்க. சரி, அவ கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பாத்தா, கோச்சே அவ இடத்துல வந்து நிக்கிறாங்க.

"குடு."

ஜெனிட்டா குடுத்தா. அருமையான பாஸ். கோச் பந்தைக் கால்ல நிறுத்திட்டு, திருப்பிக் குடுக்க அவளைத் தேடுனாங்க. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிப்போய் மறிச்சேன். பந்து என்கிட்ட வந்துடுச்சு.

"மறுபடியும் குடு."

மறுபடியும் பறிச்சேன். ஸ்டேட்டுக்கு ஆடின ஆளுகிட்டயே! எனக்குத் தலைகால் புரியல.

"வேணும்னே விடுறீங்க கோச்," ஜெனிட்டா கத்துனா.

"உன்னைத்தான் தேடுனேன். குமுதாதான் கண்ணுக்குத் தெரிஞ்சா. நீ எங்க போன?"

"எங்கயும் போகலையே! குடுத்த இடத்துலயேதான் நின்னேன். சத்தியமா ஒரு அடி கூட நகரல."

கோச் பௌசியாவைப் பாத்துக் கையசைச்சாங்க.

"உள்ள வா. ஞாயித்துக்கிழமையும் உனக்கு இதே இடம்தான்."

ஜெனிட்டா கோச்சுகிட்ட ஓடி வந்தா.

"அப்ப தப்பு என் மேலயா கோச்? என் பாஸ்ல என்ன கொறை?"

"பாஸ்ல ஒரு கொறையும் இல்லம்மா. பந்தைப் பௌசியாகிட்ட குடுத்த. பௌசியாவைக் குமுதாகிட்ட விட்டுக்குடுத்துட்ட."