சாவி வேறு வண்டியில் வரும்

இரட்டைக்கிளி மார்க் பூட்டுக் கம்பெனியில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களால் கதை எதுவும் நடக்கவில்லை என்பதால் அவர்களை விட்டுவிடலாம்.

நால்வரில் மூத்தவர் போர்மேன் சடையப்பன். அவருக்குக் கீழே சவரிமுத்து, ஒச்சு, கருப்பணன் என்று மூன்று பேர். கம்பெனியில் எத்தனையோ விதிகள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் இவர்கள் உயிராக மதித்தார்கள். பூட்டும் அதன் சாவியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கடைகளுக்குச் சரக்கு போகும்போது பூட்டு ஒரு வண்டியில் போகும், சாவி வேறு வண்டியில் போகும். வழியில் எவனாவது ஒரு வண்டியைக் கவிழ்த்தாலும் பாதிதான் கிடைக்கும். முதலாளி நல்ல எண்ணத்தில் போட்ட விதி அது. சடையப்பன் அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். அவர் வீட்டுச் சாவி பக்கத்து ஊரில் மச்சினன் வீட்டில் இருந்தது. அவர் தினமும் கூரை ஓட்டைப் பிரித்துத்தான் வீட்டுக்குள் இறங்குவார்.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

“கடலோரமா அகதிகள் உதவி மையம் இருக்குல்ல, அங்கே நாளைக்கு நம்ம ஆளுங்க போய் ஒத்தாசை பண்ணணும்னு முதலாளி ஆசைப்படறார். நாலு பேரும் போங்க. நம்ம பூட்டு நாலு எடுத்துக்குங்க. வெறுங்கையோட போகாதீங்க, ஏதாவது வாங்கிட்டுப் போங்க. கம்பெனி மானத்தைக் காப்பாத்துங்க.”

மறுநாள் காலையில் சடையப்பனும் சவரிமுத்துவும் ஒச்சுவும் பூட்டுகளோடு வேனில் ஏறினார்கள். கருப்பணன் சாவிகளை மடியில் கட்டிக்கொண்டு, வேன் போகிற சாலையில் போகாத ஒரு பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறினான். அந்த பஸ் மூன்று மலைக்கிராமங்களைச் சுற்றிக்கொண்டு போகும். கருப்பணனுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

மையத்தின் வாசலில் யோகமலர் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்த குடும்பங்களின் காரியங்களை எல்லாம் பார்த்துக்கொள்பவள் அவள்தான். வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். மூவரின் இரண்டு கைகளிலும் வாழைப்பழச் சீப்புகள்.

“வாங்கோ அண்ணை. பழத்தைத் தாங்கோ, உள்ளுக்கு வைப்பம்.”

சடையப்பன் ஒரு அடி பின்னால் போனார்.

“கொடுத்துட்டா கை வெறுங்கையாயிடுமேம்மா.”

“வெறுங்கையோட போகக்கூடாதுன்னுதானே மேனேஜர் சொன்னார்? நாமதான் வந்து சேர்ந்துட்டோமே” என்றான் ஒச்சு.

“சாயந்தரம் திரும்பிப் போகணும்ல? அப்போ கையில என்ன இருக்கும்?” என்றான் சவரிமுத்து.

மூவரும் இதை நெடுநேரம் யோசித்தார்கள். அதற்குள் புனிதம் என்கிற இன்னொரு பெண் தேத்தண்ணி கொண்டு வந்தாள். வாங்கிக் குடிக்கக் கை இல்லை. கடைசியில் யோகமலரே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தாள். அடுத்த சீப்புக்கு ஒரு வாளி. அப்படியே பழமெல்லாம் உள்ளே போயிற்று. இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று சடையப்பன் மெச்சிக்கொண்டார்.

“இப்ப சொல்லும்மா. என்ன செய்யணும்?”

யோகமலர் அவர்களைப் பின்புறம் கூட்டிப்போய், தகரக் கதவு போட்ட ஒரு குளியலறையைக் காட்டினாள்.

“இந்தக் கதவுக்கு உள்ளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அண்ணை. நான் குளிக்கேக்க புனிதம் வெளியில நிண்டு கதவைப் பிடிச்சுக்கொள்ளுவா. அவ குளிக்கேக்க நான் பிடிப்பன். இண்டைக்குப் பின்னேர பஸ்ஸில அவ மகன் வீட்டுக்குப் போறா, இனி வரமாட்டா. நாளையிலிருந்து எனக்குப் பிடிக்க ஆளில்லை. உள்ளுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தந்தால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

“இருவது வருசமா இவளின்ர கதவைப் பிடிச்சே என்ர கை மரத்துப்போச்சு” என்றாள் புனிதம்.

“வெளியில நிண்டு நீங்கள் படிக்கிற பாட்டைக் கேட்டு என்ர காதும் மரத்துப்போச்சு” என்றாள் யோகமலர்.

கடலைத் தாண்டி வந்தவள்தான் அவள். ஒரு தாழ்ப்பாளைத் தாண்ட முடியவில்லை.

பூட்டுக்காரர்கள் மூவரும் கதவைச் சுற்றி நின்றார்கள். சவரிமுத்து அதைத் தட்டிப் பார்த்தான். ஒச்சு முகர்ந்து பார்த்தான்.

“நம்மகிட்ட தாழ்ப்பாள் கிடையாது. பூட்டுதான் இருக்கு. வெளிப்பக்கம் கொண்டி அடிச்சுப் பூட்டிடலாம்” என்றார் சடையப்பன்.

“வெளியில பூட்டினால் உள்ளுக்கு நிக்கிற நான் என்ன செய்யிறது?”

சடையப்பன் அவளைப் பரிவோடு பார்த்தார்.

“அம்மா, நான் முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆள் இல்லாத வீட்டைத்தான் பூட்டுவாங்க. உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டு எதுக்கு?”

“ஆள் இருக்கிறபடியாத்தான் அண்ணை பூட்டு வேணும்.”

“பாவம், பயந்து போயிருக்காங்க” என்று ஒச்சு சவரிமுத்துவின் காதில் சொன்னான்.

“எதுக்கும் சோதனை பண்ணிப் பார்த்துடுவோம். உள்ளே இருக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்னு நமக்கும் தெரியணும்ல?” என்றார் சடையப்பன்.

கம்பெனியில் சோதனை என்றால் பெரிய கதவில்தான் செய்வார்கள். அதனால் மையத்தின் கூடத்துக்குப் போனார்கள். வாசல் கதவின் வெளிப்பக்கம் கொண்டியும் நாதாங்கியும் அடித்தார்கள். திருகாணி எல்லாம் வெளியே பளிச்சென்று தெரிகிற மாதிரி முடுக்கினார்கள், அழகாக இருக்கட்டும் என்று. சடையப்பனும் சவரிமுத்துவும் உள்ளே போனார்கள். ஒச்சு வெளியே நின்று பூட்டை மாட்டி அமுக்கினான். இரட்டைக்கிளி மார்க் பூட்டை அமுக்க சாவி வேண்டாம். திறக்கத்தான் வேண்டும்.

உள்ளேயிருந்து இருவரும் இழுத்தார்கள். கதவு அசையவில்லை.

“எப்படிண்ணே இருக்கு?” என்று ஒச்சு கேட்டான்.

“அருமையா இருக்குடா. சாமி சத்தியமா வெளியே வர முடியல.”

ஒச்சுவுக்கு வெளியே தனியாக நிற்பது ஏக்கமாக இருந்தது. அவனும் அந்தச் சுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டான். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், அடுப்படிப் பக்கம் திறந்து கிடந்த பின்வாசல் வழியாகக் கூடத்துக்குள் வந்து, அவர்களோடு சேர்ந்து இழுத்தான்.

“ஆமாண்ணே. வர முடியல.”

மூவரும் உட்கார்ந்து கருப்பணனுக்காகக் காத்திருந்தார்கள்.

மத்தியானம் யோகமலர் பின்வாசல் வழியாகச் சோறு கொண்டு வந்தாள்.

“அண்ணை, பின்கதவு திறந்துதானே கிடக்குது. வாங்கோவன்.”

சடையப்பன் சிரித்தார்.

“அது வேற கதவும்மா. நாங்க மாட்டிக்கிட்டது இந்தக் கதவுல.”

“கம்பெனி ஆளு எந்தக் கேட்டு வழியா வந்தானோ அந்தக் கேட்டு வழியாத்தான் போகணும்” என்றான் சவரிமுத்து.

“நான் ரெண்டு வழியாவும் வந்திருக்கேனே?” என்று ஒச்சு கவலைப்பட்டான்.

“நீ போகும்போது பாதிப் பாதியாப் போயிக்கலாம்” என்று சடையப்பன் தேற்றினார்.

யோகமலர் சோற்றை வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. புனிதம் சேலைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெளியே எடுத்து, மறுபடி வைத்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு கருப்பணன் மலை எல்லாம் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தான். வாசலிலிருந்தே கத்தினான்.

“அண்ணே, சாவி வந்துருச்சு.”

“கிட்ட வராதே” என்று உள்ளேயிருந்து சடையப்பன் அதட்டினார். “பூட்டு இங்கே இருக்கு.”

கருப்பணன் திடுக்கிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டான். மடியை இறுக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான்.

“அப்போ எப்படிண்ணே திறக்கிறது?”

உள்ளே ஆலோசனை நடந்தது.

“சாவி வரணும்னா பூட்டு இங்கேயிருந்து போகணும்” என்றான் சவரிமுத்து.

“பூட்டு போகணும்னா கதவைத் திறக்கணும்” என்றான் ஒச்சு.

“எதுக்குத் திறக்கணும்? கொண்டியோட கழற்றிடலாம். திருகாணிதான் வெளியே இருக்கே. ஒச்சு, நீ பின்பக்கமாப் போய்க் கழற்று. பூட்டை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு. நீ தூரம் போனதும் கருப்பணன் வந்து திறக்கட்டும்.”

இதைவிட நல்ல யோசனை யாருக்கும் வரவில்லை. ஒச்சு பின்வாசல் வழியாகப் போய், திருகாணிகளைக் கழற்றி, கொண்டியையும் நாதாங்கியையும் பூட்டிலிருந்து உருவி, திருப்புளியோடு தரையில் போட்டுவிட்டு, பூட்டை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

யோகமலர் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். புனிதத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்கள். ஒருத்தி கொண்டியைக் கதவின் உட்பக்கம் பிடிக்க ஒருத்தி முடுக்கினாள். நாதாங்கியில் செருக ஒரு உடைந்த அகப்பைக் காம்பு.

யோகமலர் உள்ளே போய்க் காம்பைச் செருகினாள். புனிதம் வெளியேயிருந்து பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். கதவு வரவில்லை.

“பிடிச்சிருக்குதடி” என்றாள் புனிதம். கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். பிறகு, “அப்ப நான் வாறன். பாட்டுப் பாடி அவசரப்படுத்த ஆளில்லையெண்டு தண்ணியை வீணாக்காதை” என்று பையைத் தூக்கினாள். யோகமலர் அவளோடு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு, தனியாகக் குளிக்கப் போனாள்.

கூடத்து வாசலில் கருப்பணன் சாவியோடு வந்து நின்றான். கதவில் நான்கு ஓட்டைகள் இருந்தன. சாவியை ஒவ்வொன்றிலும் விட்டுத் திருகிப் பார்த்தான்.

“அண்ணே, பூட்டு இல்லாம சாவி பிடிக்க மாட்டேங்குது. நான் போய் ஒச்சுகிட்ட வாங்கிட்டு வந்துடறேன்.”

பஸ் ஸ்டாண்டில் ஒச்சு தூரத்திலேயே கருப்பணனைப் பார்த்துவிட்டான். சாவி நேராகத் தன்னை நோக்கி வருகிறது. விதி தெரிந்தவன் என்ன செய்வான்? கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினான். அதில் ஏற்கெனவே புனிதம் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். “சாவி வராத ஊருக்கும்மா” என்றான். அடுத்த பஸ்ஸில் கருப்பணன் ஏறினான்.

கூடத்தில் சடையப்பனும் சவரிமுத்துவும் காத்திருந்தார்கள். கடல் காற்று எழும்பியது. பூட்டில்லாத கதவு கிரீச்சென்று அகலத் திறந்துகொண்டது.

சவரிமுத்து பதறிப்போனான்.

“அண்ணே, பூட்டைத் திறக்காமலே கதவு திறந்துக்குச்சே.”

“யாருக்காவது தெரிஞ்சா நம்ம பூட்டை எவன் வாங்குவான்? சாத்துடா” என்றார் சடையப்பன்.

கொஞ்ச நேரத்தில் யோகமலர் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது.

“அண்ணை, நல்ல வேலை செய்து தந்தியள். இரவுச் சாப்பாடு இருக்குது, சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

“பூட்டைத் திறக்க ஆள் போயிருக்கும்மா. வெளியே வந்ததும் சாப்பிடறோம்” என்றார் சடையப்பன்.

அவருக்குப் பின்னால் சவரிமுத்து, ஒரு கையில் விளக்குமாற்றை விடாமல், மற்றக் கையாலும் முதுகாலும் காற்றில் திறக்கப் பார்த்த அந்தக் கதவை மூச்சு வாங்க அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சீக்கிரம் வந்து திறக்கச் சொல்லுங்க. என்னால இதுக்கு மேல பிடிக்க முடியல.”